கண்ணுக்குக் கீழே பை: நாற்பது வயதுக்கு மேல் கேட்கும் கேள்விகள்

கீழிமைப் பைக்கு என்ன செய்யலாம் என்று விசாரிக்க வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறோம். முதல் இரண்டையும் தாண்டிக் குதிக்க வேண்டாம். பின்னால் வரும் பாதிப் பதில்கள் அவற்றின் மேல்தான் நிற்கின்றன.

நல்லாத்தான் தூங்குறேன். அப்புறம் ஏன் கண்ணுக்குக் கீழ பை தொங்குது?

தூக்கம் கெட்டால் பை கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான். கண்விழி எலும்புக் குழிக்குள் ஒரு கொழுப்பு மெத்தையில் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கொழுப்பு முன்னால் சரிந்துவிடாமல் மெல்லிய சவ்வு ஒன்று தடுத்து நிற்கும். வயது ஏற ஏறச் சவ்வு தளர்கிறது, கொழுப்பு பிதுங்குகிறது. கீழிமையில் அது மூன்று பொட்டலங்களாக இருக்கும்: மூக்குப் பக்கம், நடு, காதுப் பக்கம். சிலருக்கு மூன்றும் தனித்தனி மேடாகவே தெரியும்.

இதே வயதில் கன்னச் சதையும் மெலிந்து கீழே இறங்குவதால், கண்குழி எலும்பின் விளிம்போரம் ஒரு பள்ளம் விழுகிறது. மேட்டுக்கு அடியிலேயே பள்ளம், நடுவில் நிழல். இருப்பதைவிடப் பை பெரிதாகத் தெரிவது இதனால்தான். அப்பா, அம்மா முகத்தில் இது இருந்தால் உங்களுக்கு முப்பதிலேயே வரலாம்.

என்னோடது கொழுப்பா, நீரா, வெறும் தோலா? வீட்டுலயே கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். பகல் வெளிச்சம் வரும் சன்னலைப் பார்த்து நின்று, கையில் கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள். முகத்தை அசைக்காமல் கண்ணை மட்டும் மேலே, கூரையைப் பார்க்கும்படி உயர்த்துங்கள். மேடு இன்னும் புடைத்தால் அது கொழுப்பு. கீழே பார்க்கும்போது அடங்குவதும் கொழுப்பின் குணம்தான். காலையில் பெரிதாகவும் மாலையில் சின்னதாகவும் இருந்தால், ராத்திரி கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட மறுநாள் கூடினால், அதில் நீர் இருக்கிறது. கொழுப்பு காலை மாலை பார்த்து மாறாது.

அடுத்து, தோலை இரண்டு விரலால் மெல்லக் கிள்ளி விடுங்கள். மடிப்பு உடனே மறையாமல் நின்றால் தோல் தளர்ந்திருக்கிறது. பிறகு செல்போன் டார்ச்சை முகவாய்க்குக் கீழிருந்து மேல் நோக்கி அடியுங்கள். கருமை சட்டென்று காணாமல் போனால் அது நிழல், அதாவது பள்ளம். போகாமல் அப்படியே இருந்து, தோலை இழுத்தால் கூடவே நகர்ந்தால் அது தோலின் நிறமி. அதற்கு வேறு வைத்தியம். கடைசியாக, விரலால் எலும்பு விளிம்பைத் தடவிப் பாருங்கள். வீக்கம் விளிம்புக்குக் கீழே, கன்ன எலும்பின் மேல் உட்கார்ந்திருந்தால் அது கண் பையே இல்லை. அதைப் பின்னால் பார்ப்போம்.

நாற்பதுக்கு மேல் பலருக்கும் இவற்றில் இரண்டு மூன்று கலந்தே இருக்கும். எது அதிகம் என்பதை வைத்துத்தான் சிகிச்சை. சிகிச்சை எடுத்தும் பலனில்லை என்று வருத்தப்படுபவர்களில் பலருக்கு மருந்தோ மருத்துவரோ மோசமாக இருந்ததில்லை; கொழுப்புக்குச் செய்ய வேண்டியதை நீருக்கும், நீருக்குச் செய்ய வேண்டியதைக் கொழுப்புக்கும் செய்திருப்பார்கள்.

இது ஏதாவது உள்நோயா இருக்குமா?

வருஷக்கணக்கில் மெதுவாக, இரண்டு பக்கமும் வந்த பையாக இருந்தால் வாய்ப்பு குறைவு. ஒரு பக்கம் மட்டும் வந்தது, சில வாரங்களில் திடீரென்று வந்தது என்றால் அழகுச் சிகிச்சையை ஓரமாக வைத்துவிட்டுக் கண் மருத்துவரைப் பாருங்கள். கண் முன்னால் துருத்துவது, சிவப்பது, பார்வை இரண்டாகத் தெரிவது ஆகியவை தைராய்டு கண் நோயாக இருக்கலாம். காலையில் முகமும் மாலையில் காலும் வீங்கி, சிறுநீர் நுரைத்தால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். டிஎஸ்எச் (தைராய்டுக்கு), கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), சிறுநீரில் புரதம் என்று ரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகளில் தொடங்குவார்கள். அரிப்போடு வரும் வீக்கம் பெரும்பாலும் ஒவ்வாமை; கண்ணைக் கசக்குவதை நிறுத்தினாலே பாதி குறையும்.

வெள்ளரிக்காய், உருளைக்கிழங்கு, டீ பை எல்லாம் வேலை செய்யுமா?

வேலை செய்வது குளிர்ச்சி. காய்க்கு அதில் பங்கு கம்மி. ஃபிரிட்ஜில் 15 நிமிடம் வைத்த இரண்டு ஸ்பூனை மெல்லிய துணியில் சுற்றி 10 நிமிடம் வைத்தாலும் அதே பலன்தான். ஃபிரீசரில் வைத்ததை நேரடியாக வைத்தால் தோல் புண்ணாகும். குளிர்ச்சியால் நீர் வீக்கம் சில மணி நேரத்துக்கு அடங்கும். கொழுப்பு அசையாது.

நீர் வகைக்கு உப்புதான் பெரிய விஷயம். உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடை மிக்சர் நான்கையும் ராத்திரிச் சாப்பாட்டிலிருந்து எடுத்துவிட்டு, தலைக்கு இன்னொரு தலையணை வைத்து இரண்டு வாரம் பாருங்கள். எலுமிச்சைச் சாறு, பற்பசை பக்கமே போகாதீர்கள். பெட்டாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு கலந்த களிம்புகளும், இணையத்தில் பரிந்துரைக்கிற மூலநோய்க் களிம்பும் கூடாது. ஸ்டீராய்டு தோலை இன்னும் மெலிதாக்கும். கண்ணோரம் மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தமும் ஏறும்.

ஆயிரக்கணக்குல ஐ கிரீம் வாங்கியாச்சு. ஏன் ஒண்ணும் மாறல?

சவ்வுக்குப் பின்னால் இருக்கும் கொழுப்பை எந்தக் கிரீமும் எட்டாது. காஃபீன் கலந்தவை ரத்தக் குழாயைச் சுருக்கி, நீர் வகை வீக்கத்தைக் கொஞ்ச நேரம் குறைக்கும். ஐந்து நிமிடத்தில் பை மறைவதாக வீடியோவில் காட்டும் கிரீம்களில் சிலிகேட் உப்பு இருக்கும். அது காய்ந்து படலமாகித் தோலை இறுக்கிப் பிடிக்கும். முகம் கழுவினால் போய்விடும், அதிகம் பூசினால் வெள்ளையாகத் திட்டும் விழும்.

தோல் தளர்ச்சிக்கு ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை) உதவும், ஆனால் மாதக்கணக்கு ஆகும். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஓர் அரிசி மணி அளவு, வாரம் இரண்டு இரவு, எலும்பு விளிம்பின் மேல் மட்டும். இமை மேலேயே பூசினால் எரிந்து சிவந்து, அதுவே வீக்கமாகிவிடும். பகலில் சன்ஸ்கிரீன் போடாமல் ரெட்டினால் போட்டுப் பயனில்லை.

ஃபில்லர் ஊசி போட்டா பை போயிடுமா?

ஃபில்லர் பையை எடுக்காது, பையின் அடியில் இருக்கும் பள்ளத்தை நிரப்பும். மேடு சின்னது, பள்ளம் பெரியது, தோல் இறுக்கம் என்றால் அருமையாக இருக்கும். மேடு பெரியது என்றால் அதன் ஓரத்தில் இன்னொரு மேடு கட்டின கதைதான். பயன்படுத்துவது ஹயலுரோனிக் அமில ஜெல். ஒரு பக்கத்துக்குப் பொதுவாக அரை மில்லிக்கு உள்ளேயே போதும். மழுங்கின முனை உள்ள கேனுலா ஊசியால் எலும்பை ஒட்டி ஆழத்தில் வைப்பார்கள். இந்த இடத்துக்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. முதன்முதலாக ஒரு ஃபில்லரை (ஜுவெடெர்ம் வால்பெல்லா) அனுமதித்ததே 2022-ல்தான்.

தவறு பெரும்பாலும் இரண்டு விதத்தில் நடக்கும். தோலுக்குச் சற்று அடியிலேயே ஜெல் நின்றுவிட்டால் வெளிச்சம் சிதறி, அந்த இடம் நீலம் பாய்ந்த மாதிரி தெரியும். இரண்டாவது, இந்த ஜெல் தண்ணீரை இழுக்கும். நீர் வகைப் பை உள்ளவருக்குப் போட்டால் சில வாரங்களில் வீக்கம் முன்பைவிடக் கூடும். இரண்டுக்கும் ஹயலுரோனிடேஸ் என்ற கரைக்கும் ஊசி உண்டு; ஓரிரு நாளில் இறங்கும். ஃபில்லர் ஆறு மாதம், ஒரு வருடம் நிற்கும் என்று சொன்னாலும் இமையடியில் சிலருக்குப் பல வருடம் தங்குகிறது. அதனால் 'டச்சப்' என்று வருடாவருடம் ஏற்றிக்கொண்டே போகாமல், பழையது எவ்வளவு மிச்சம் என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஃபில்லரால பார்வையே போயிடும்னு சொல்றாங்களே?

மிக அரிது, ஆனால் உண்மை. ஜெல் ரத்தக் குழாய்க்குள் போய்விட்டால், அங்கிருந்து விழித்திரைக்குப் போகும் தமனியை அடைக்கலாம். ஊசி போடும்போதே கடும் வலி, தோல் வெளுப்பது அல்லது வலைப்பின்னல் மாதிரி ஊதா நிறம் படர்வது, பார்வை மங்குவது எல்லாம் அபாய அறிகுறி. அங்கே நிமிடங்களில்தான் கணக்கு. முன்பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'ஹயலுரோனிடேஸ் இங்கே இப்போது கையிருப்பில் இருக்கிறதா?' பதில் இழுத்தால் எழுந்து வந்துவிடலாம். அழகு நிலையத்தில் ஃபில்லர் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்கும் காரணம் இதுதான்.

போடாக்ஸ்?

தசையைத் தளர்த்தும் ஊசி இது. கண்ணோரச் சுருக்கத்துக்கு உதவும். பைக்கு உதவாது, கெடுக்கவும் செய்யும். கீழிமையைச் சுற்றியுள்ள தசைதான் கொழுப்பைக் கொஞ்சமாவது பிடித்து வைத்திருக்கிறது; அதைத் தளர்த்தினால் பை இன்னும் வெளியே வரும்.

கத்தியே படாம லேசர், ஆர்எஃப், பிஆர்பி இதுல ஏதாவது?

கார்பன் டை ஆக்சைடு லேசரும், ரேடியோ அலையால் சூடேற்றும் ஊசிமுனை ஆர்எஃப்-உம் தோலை இறுக்கும். சுருக்கம் முக்கியப் பிரச்சினையாக இருந்தால் யோசிக்கலாம். பிதுங்கின கொழுப்பை உள்ளே தள்ளாது. நம் மாநிறத் தோலில் லேசர் பட்ட இடம் கறுத்துப்போவது அடிக்கடி நடக்கும். மங்கிப் போக மாதக்கணக்கு ஆகும். அதனால் குறைந்த வலுவில், இடைவெளி விட்டு, சில முறை செய்வது நல்லது. விழிமேல் உலோகக் கவசம் வைக்காமல் இமையில் லேசர் அடிக்க விடாதீர்கள். பிஆர்பி நம் ரத்தத்திலிருந்தே தட்டணு நிறைந்த பிளாஸ்மாவைப் பிரித்தெடுத்து ஊசியாகப் போடுவது. மாதம் ஒன்றாக மூன்று முறை போடுவார்கள். தோல் கொஞ்சம் பொலிவாகலாம். பைக்கு அதைச் சிபாரிசு செய்ய மனம் வரவில்லை.

கொழுப்பைக் கரைக்கிற ஊசின்னு ஒண்ணு இருக்காமே?

டீஆக்சிகோலிக் அமிலம். அமெரிக்காவில் 2015-ல் அனுமதி கிடைத்தது முகவாய்க்கு அடியில் தொங்கும் கொழுப்புக்கு மட்டும். அது கொழுப்பு, தசை, நரம்பு என்று பார்த்துக் கரைப்பதில்லை, பட்டதையெல்லாம் புண்ணாக்கும். விழிக்கு அரை அங்குலத்தில் அதைப் போடுவது விஷப்பரீட்சை.

ஆபரேஷன்ல என்னதான் செய்வாங்க? தழும்பு தெரியுமா?

கீழிமை பிளெஃபரோபிளாஸ்டி என்று பெயர். கொழுப்பு வகைப் பைக்கு நிற்கும் தீர்வு இது ஒன்றுதான். வழி இரண்டு. தோல் இறுக்கமாக இருந்தால் இமையின் உள்பக்கச் சிவப்புச் சவ்வில் கீறுவார்கள். வெளியே தழும்பே கிடையாது, பெரும்பாலும் தையலும் தேவைப்படாது. இது புது முறையும் அல்ல. பாரிஸில் ஜூலியன் பூர்கே 1924-லேயே எழுதியது. தோலும் தொங்கினால் இமை முடிக்கு ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் கீழே கீறுவார்கள். அந்தக் கோடு சில மாதத்தில் இயற்கை மடிப்போடு கலந்துவிடும். உள்வழியாகக் கொழுப்பைச் சரிசெய்து, வெளியே ஒரு சிட்டிகைத் தோலை மட்டும் கிள்ளியெடுத்துத் தைப்பதும் உண்டு.

மரத்துப்போக அட்ரினலின் கலந்த லிக்னோகெய்ன் போட்டுவிட்டுச் சுமார் பத்து நிமிடம் காத்திருப்பார்கள். குழாய்கள் சுருங்கி ரத்தம் குறைய அந்த நேரம் வேண்டும். விழியை லேசாக அழுத்தினால் கொழுப்பு தானே எட்டிப் பார்க்கும். நடுப் பொட்டலம் வெண்ணெய் மஞ்சள், மூக்குப் பக்கத்தது வெளிறி வெள்ளையாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில்தான் விழியை அசைக்கும் சின்னத் தசை ஒன்று ஓடுகிறது. அதில் கைபட்டால் பார்வை இரண்டாகத் தெரியும். கொழுப்பை இழுத்துப் பிடுங்கவும் கூடாது. ஆழத்தில் குழாய் அறுந்து விழிக்குப் பின்னால் ரத்தம் கட்டும். வந்த அளவை மட்டும் காட்டரி என்ற சூட்டுக் கருவியால் சுட்டு எடுப்பார்கள். இரண்டு கண்ணுக்கும் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம்.

முழுசா எடுத்துட்டா திரும்ப வராதே, ஏன் கொஞ்சம் விட்டு வைக்கிறாங்க?

முன்பெல்லாம் தாராளமாக எடுத்தார்கள். பத்து வருடம் கழித்து அந்தக் கண்கள் குழிவிழுந்து, நோயில் கிடந்து எழுந்த மாதிரி ஆயின. வயதாகும்போது முகத்தில் கொழுப்பு தானே குறையும் என்பதை அன்று கணக்கில் எடுக்கவில்லை. இப்போது பள்ளம் உள்ளவர்களுக்கு, பிதுங்கும் கொழுப்பை வெட்டிப் போடாமல் எலும்பு விளிம்பைத் தாண்டி இறக்கி, பள்ளத்திலேயே பரப்பித் தைக்கிறார்கள். மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்புகிற வேலை. வீக்கம் வடியச் சில வாரம் கூடும், ஆரம்பத்தில் தொட்டால் கட்டியாகத் தட்டுப்படும். நாற்பதுகளில், ஐம்பதுகளில் பள்ளமும் மேடும் சேர்ந்திருப்பவருக்கு இதைத்தான் முதலில் கேட்கச் சொல்வோம்.

எத்தனை நாள் லீவு போடணும்?

இரண்டு வாரம் கேளுங்கள். அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். முதல் 48 மணி நேரம் விழித்திருக்கும்போது மணிக்கொரு முறை 15 நிமிடம் குளிர் ஒத்தடம், அழுத்தாமல். தலையை உயர்த்தி, மல்லாந்து தூங்க வேண்டும். வெளியே தையல் இருந்தால் ஐந்து முதல் ஏழு நாளில் பிரிப்பார்கள். ரத்தக்கட்டு ஊதாவிலிருந்து பச்சை, மஞ்சள் என்று மாறி 10 முதல் 14 நாளில் மங்கும். மூன்றாம் நாள் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம், வீக்கம் உச்சியில் இருப்பது அப்போதுதான்.

கான்டாக்ட் லென்ஸ் இரண்டு வாரம் வேண்டாம். குனிந்து கோலம் போடுவது, தண்ணீர்க் குடம் தூக்குவது, ஜிம் எல்லாம் இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போகட்டும். கல்யாணம், காதுகுத்து என்று வீட்டில் விசேஷம் இருந்தால் குறைந்தது இரண்டு மாதம் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். இறுதி வடிவம் தெரிய மூன்று முதல் ஆறு மாதம்.

எனக்குச் சர்க்கரை, பிபி இருக்கு. ஆஸ்பிரின் வேற சாப்பிடுறேன். செய்யலாமா?

கட்டுப்பாட்டில் இருந்தால் செய்யலாம். பிபி எகிறினால் ரத்தக்கசிவு, சர்க்கரை எகிறினால் புண் ஆறாது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். இதயத்தில் ஸ்டென்ட் இருப்பவர் அழகுக்காக அந்த மாத்திரையை நிறுத்துவது புத்தியல்ல. இதய மருத்துவர் சொன்னால்தான். மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரைகளையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பொதுவாக இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சிகரெட்டும் அப்படித்தான். தைராய்டு கண் நோய் இருந்தால், அது அடங்கி ஆறு மாதமாவது அமைதியாக இருந்த பிறகுதான் இந்தப் பேச்சு.

எனக்கு ஏற்கெனவே கண் உலர்வு. லாசிக்கும் செஞ்சிருக்கேன்.

சொல்லாமல் மறைக்கக் கூடாத விஷயம். ஆபரேஷனுக்குப் பின் சில வாரம் இமை முழுதாக மூடாமல் உலர்வு கூடும். முன்னதாக ஷிர்மர் சோதனை செய்வார்கள்: ஒரு சின்னக் காகிதப் பட்டையை இமைக்குள் மடித்து வைத்து ஐந்து நிமிடத்தில் எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று பார்ப்பது. ஐந்துக்குக் கீழ் என்றால் யோசிக்க வேண்டும். லாசிக் முடிந்து ஆறு மாதமாவது போகட்டும்.

என்னென்ன தப்பாகலாம்? மறைக்காம சொல்லுங்க.

அதிகம் புலம்ப வைப்பது கீழிமை இறங்கிப்போவது. தோலைக் கூடுதலாக வெட்டினாலோ தளர்ந்த இமைக்குப் பக்கவாட்டுப் பிடிப்புத் தையல் போடாமல் விட்டாலோ, கருவிழிக்குக் கீழே வெள்ளை தெரியும். எப்போதும் திடுக்கிட்ட மாதிரி முகம் ஆகிவிடும், கண்ணீர் வழியும். இதைத் தவிர்க்கத்தான் முன்பே இமையைக் கீழே இழுத்து விட்டுப் பார்ப்பது. கண்ணைச் சிமிட்டாமலே சட்டென்று திரும்ப ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை என்றால் அந்தப் பிடிப்புத் தையல் கட்டாயம். உங்கள் மருத்துவர் அப்படி இழுத்தே பார்க்கவில்லை என்றால் இன்னொருவரைப் பாருங்கள்.

விழிக்குப் பின்னால் ரத்தம் கட்டுவது சுமார் 2,000 பேரில் ஒருவருக்கு. நிரந்தரமாகப் பார்வை போவது சுமார் 10,000-ல் ஒருவருக்கு. ரத்தக்கட்டு பெரும்பாலும் முதல் நாளிலேயே வரும். ஒரு கண்ணில் மட்டும் குத்தும் வலி, விழி கல் மாதிரி இறுகுவது, பார்வை மங்குவது என்றால் நள்ளிரவானாலும் உடனே போக வேண்டும். கண்ணைக் கட்டி அனுப்பாததற்குக் காரணமும் இதுதான். மணிக்கொரு தடவை ஒவ்வொரு கண்ணாகப் பொத்திச் சுவர்க் கடிகாரம் தெரிகிறதா என்று நீங்களே பார்க்கலாம்.

யார்கிட்ட போறது? இன்சூரன்ஸ் வருமா?

இமை அறுவைக்கு ஆக்குலோபிளாஸ்டி (இமைச் சீரமைப்பு அறுவை) பயிற்சி பெற்ற கண் மருத்துவர், அல்லது எம்.சிஎச். (அறுவையில் உயர் மேற்படிப்பு) முடித்த பிளாஸ்டிக் சர்ஜன். ஃபில்லர், லேசர் என்றால் தோல் மருத்துவரும் சரி. வார இறுதி வகுப்பில் வாங்கின 'ஏஸ்தெடிக்' சான்றிதழ் கணக்கில் வராது. மாநில மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள்.

அழகுக்கான அறுவையை இந்தியாவில் மருத்துவக் காப்பீடு ஏற்காது. பாலிசியின் விலக்குப் பட்டியலிலேயே இருக்கும். அதற்கு 18% ஜிஎஸ்டியும் உண்டு. மதிப்பீடு கேட்கும்போது சர்ஜன் கட்டணம், தியேட்டர், மயக்க மருத்துவர், மருந்து, வரி என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். மறு அறுவை தேவைப்பட்டால் அதற்கு என்ன என்பதையும் அதே தாளில் வாங்குங்கள். ஃபில்லர் ஒரு மில்லி சிரிஞ்சுக் கணக்கில் விற்பது. மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்து இன்னொருவருக்குப் போடும் இடம் நல்ல இடம் இல்லை.

என் வீக்கம் கன்ன எலும்பு மேல இருக்கு. அதுக்கும் இதே ஆபரேஷனா?

இல்லை. ஃபெஸ்டூன் என்பார்கள். தோலிலும் தசையிலும் நீர் தேங்கித் தொட்டில் மாதிரி தொங்குவது. கீழிமை அறுவை செய்தால் மேலே சமமாகி, இது இன்னும் எடுப்பாகத் தெரியும். ஃபில்லர் போட்டால் நீர் இழுத்து வீங்கும். உப்பு, ஒவ்வாமை, தைராய்டு மூன்றையும் முதலில் சரிபார்க்க வேண்டும். பிறகு லேசரோ, நேரடியாக வெட்டித் தைப்பதோ. எதிலும் முழுதாகப் போகும் என்று வாக்குக் கொடுப்பவரை நம்ப வேண்டாம்.

எதுவும் செஞ்சுக்கப் போறதில்ல. மறைக்கவாவது வழி உண்டா?

கன்சீலரை மேட்டின் மேல் பூசுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. வெளிர் நிறம் மேட்டை இன்னும் தூக்கிக் காட்டும். மேட்டுக்குக் கீழே விழும் நிழல் கோட்டில் மட்டும், மெல்லிய தூரிகையால் ஒரு இழை. மாநிறத் தோலில் முதலில் பீச் அல்லது ஆரஞ்சு, அதன் மேல் தோல் நிறம். பவுடர் வேண்டாம், சுருக்கத்தில் போய் உட்காரும்.

இன்னொன்று மூக்குக் கண்ணாடி. வெள்ளெழுத்துக்குப் போடும் பிளஸ் பவர் லென்ஸ் பூதக்கண்ணாடிதான். எதிரே இருப்பவருக்கு உங்கள் பை பெரிதாகத் தெரியும். ஃபிரேமின் கீழ் விளிம்பு கொஞ்சம் தடிமனாக, சரியாகப் பையின் அடிக்கோட்டில் வருகிற மாதிரி தேர்ந்தெடுங்கள். கடையில் போட்டுப் பார்க்கும்போது தலைக்கு நேர் மேலே விளக்கு எரியும் இடத்தில் நின்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.